லெந்து நாட்குறிப்பு 2025: நோயாளி பக்கத்தில் வேதத்தைத் திறக்கும்போது

மார்ச் 5, சாம்பல் புதன்

"அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." காலண்டர், கல்யாண வாழ்த்து மடல், வாக்குத்தத்த அட்டை என்று எங்கும் கிடைக்கிற வசனம். புலம்பல் 3:22, 23. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு, பட்டினிபோட்டு, கி.மு. 587 வாக்கில் ஆலயத்தைக் கொளுத்திவிட்டுப் போனபின் எழுந்த ஒப்பாரி அது. பெற்ற பிள்ளையைத் தாய் சமைத்துத் தின்ற கொடுமைகூட அடுத்த அதிகாரத்தில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது.

அதே மூன்றாம் அதிகாரத்தில் 22-க்கு முன்னால் வருவதைப் பாருங்கள். "நான் கூப்பிட்டுக் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்கிறது எட்டாம் வசனம். பத்தாம் வசனத்தில் தேவன் பதுங்கியிருக்கும் கரடி, மறைவில் தங்கும் சிங்கம். சரி, 22-க்குப் பிறகாவது தெளிந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. 44-ல் தேவன் மேகத்தால் தம்மை மூடிக்கொள்கிறார், ஜெபம் உள்ளே போவதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான இந்த லெந்து முழுக்க எழுதப்போவது இதைப் பற்றித்தான். நோயாளியிடம் 22-ஐ மட்டும் பிய்த்துக் கொடுத்தால் அவர் காதில் "நீங்க புலம்பக் கூடாது" என்றுதான் விழும். எட்டாம் வசனத்தோடு சேர்த்துக் கொடுத்தால், புலம்பிக்கொண்டே நம்பலாம் என்று விழும்.

வாசிக்கிற அளவு: 1 முதல் 9 வரை, கொஞ்சம் நிறுத்தம், பிறகு 17 முதல் 26 வரை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. களைத்திருப்பவருக்கு 8-ஐயும் 19 முதல் 24 வரையும் மட்டும். அந்த நிறுத்தம் முக்கியம். அங்கேதான் சிலர் "ஆமா" என்பார்கள்.

இன்னொன்று. இந்த அதிகாரம் எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துக்கும் மூன்று மூன்று வசனமாக 66 வசனம். கதறலைக்கூட வரிசைப்படுத்தி, எதையும் விட்டுவிடாமல் சொல்லித் தீர்க்கிற கட்டமைப்பு. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் அழுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற நம் சபையின் சந்திப்புக் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு.

ஒரு வீட்டுக்கு, ஒரு வார்டுக்கு இரண்டு பேர் போதும். ஐந்து பேர் போனால் அது வீட்டுக் கூட்டம் ஆகிவிடும். வலியோடு இருப்பவர் எழுந்து உட்கார்ந்து உபசரிக்க வேண்டியிருக்கும். கட்டிலில் உட்காராதீர்கள். மெத்தை அசைந்தாலே தையல் போட்ட இடம் வலிக்கும். நாற்காலியை அவர் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற பக்கமாக இழுத்துப்போட்டு, கண் மட்டத்தில் உட்காருங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம். அதில் வேதமும் ஜெபமும் ஐந்து. மீதி நேரம் அவர் பேச.

முதலில் கேளுங்கள்: "அக்கா, ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா? இன்னைக்கு வேண்டாம்னாலும் பரவாயில்ல." வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உண்மையிலேயே இடம் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஊசி, மாத்திரை, ஸ்கேன் எதற்கும் அவரிடம் யாரும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

கீமோ எடுப்பவரானால் மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருப்பது வழக்கம். சளி, இருமல் இருப்பவர் அந்த வாரம் போகவே கூடாது. மல்லிகைப் பூ, சென்ட், ஊதுவத்தி வாசனை எதுவும் வேண்டாம், குமட்டும். வாய்ப்புண் இருக்கும். "வசனத்தை நீங்களும் கூடச் சொல்லுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். கையை அழுத்திப் பிடித்தாலே அது ஆமென்.

மார்ச் 14, வெள்ளி

டயாலிசிஸ் அறை தனி உலகம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், வருஷக்கணக்கில். வாசிக்க அனுமதி கிடைத்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வாசித்துவிடுங்கள். போகப்போக ரத்த அழுத்தம் இறங்கும், கால் பிடித்து இழுக்கும், வாசிப்பது காதில் ஏறாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையைத் தொட்டு ஜெபிக்காதீர்கள். அந்தக் கையை அழுத்தக் கூடாது, அதில் பி.பி.கூடப் பார்க்க மாட்டார்கள். தொடவேண்டுமென்றால் மற்றக் கை.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீரும் சாத்துக்குடியும் வாங்கிப்போவது நம் ஊர் மரியாதை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். வெறுங்கையோடு போங்கள்.

இவர்களுக்கு 136-ஆம் சங்கீதம் நன்றாகப் பொருந்தும். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". அலுப்புத்தட்டுகிற சங்கீதம் என்று ஞாயிறு ஆராதனையில் ஒதுக்குகிறோம். திரும்பத் திரும்ப ஒரே இயந்திரத்தோடு கட்டப்படுகிறவருக்கு, திரும்பத் திரும்ப வருகிற அந்த ஒரே அடி துணையாக இருக்கிறது. நீங்கள் முதல் பாதியைச் சொல்லுங்கள். அவரால் முடிந்தபோது இரண்டாம் பாதி. 23-ஆம் வசனத்தில் வேகத்தைக் குறையுங்கள்: "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை."

மார்ச் 19, புதன்

சொந்தமாக ஜெபிக்க வரவில்லை என்பவருக்கு 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம், இரண்டிரண்டாகப் பிரியும். முதல் இரண்டில் முறையீடு. "எதுவரைக்கும்" நான்கு முறை வரும். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

ஒரு தாளை எடுத்து மூன்று பகுதியாக மடியுங்கள். முதல் பகுதியில் "ஆண்டவரே, எதுவரைக்கும்" என்று தொடங்கி நான்கு வாக்கியம். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மருந்துச் செலவு, தூக்கம் வராத ராத்திரி, பார்க்க வராத மகன், எது வேண்டுமானாலும் வரட்டும். இலக்கணம் திருத்தாதீர்கள், பக்தியும் திருத்தாதீர்கள். இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு விண்ணப்பம், சின்னதாக: "இன்னைக்கு ராத்திரி மூணு மணி நேரம் தூங்கணும்." மூன்றாம் பகுதி காலியாக இருந்தால் இருக்கட்டும். இங்கேதான் நம் ஆட்கள் அவசரப்பட்டு நிரப்பிவிடுகிறார்கள். எழுத வராவிட்டால் தாவீது பாடிய அந்தச் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தை அப்படியே எழுதிவைத்துவிட்டு, "உங்களுக்கு வர்ற வரைக்கும் இதை வச்சுக்கோங்க" என்று கொடுங்கள். இரவல் நம்பிக்கையும் நம்பிக்கைதான். சபை என்று ஒன்று இருப்பதே அதற்காக.

மார்ச் 26, புதன்

எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் ராப்பகல் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அதுவரைக்கும் அருமையான ஊழியம். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் தேவனே "நீங்கள் என்னைப் பற்றி நிதானமாய்ப் பேசவில்லை" என்று அவர்களைக் கடிந்துகொள்கிறார். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல்தான் கோபம், தேவனோடு மல்லுக்கு நின்றவன்மேல் அல்ல.

நம் பக்கத்தில் அடிக்கடி கேட்பவை: "விசுவாசம் குறைவா இருக்கு." "ஏதோ அறிக்கையிடாத பாவம்." "முன்னோர் சாபம்." "கர்த்தருக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்." இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் யோவான் 9:3 (இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல) நேரடியான பதில், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி லூக்கா 13-ல் இயேசு சொன்னதும் அதேதான். நான்காவது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயைத் தேவனுக்குப் பயப்பட வைக்கும். தவறான வகைப் பயம். மீதியுள்ள பிள்ளைமேல் அவருக்குப் பிரியம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள வைக்கும்.

எரேமியா 29:11-ஐயும் இங்கே சேர்க்கவேண்டியிருக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் இதற்கு முந்தின வசனம் இராது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது, திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்று அந்த முந்தின வசனத்தில் இருக்கிறது. கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே அடக்கமாகியிருப்பார்கள். அதனால்தான் அதே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. நோய் சீக்கிரம் தீரும் என்பதற்கு இந்த வசனத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. தீராத இடத்திலும் தேவன் விலாசம் தெரிந்து கடிதம் போடுகிறார் என்பதற்கு இழுக்கலாம்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் "விசுவாசம்" எங்கே தலைகாட்டினாலும் அன்றைக்கே ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்லுங்கள். இன்சுலினை, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஏப்ரல் 2, புதன்

ரோமர் 8. துக்கவீட்டில் 28-ஆம் வசனத்தைச் சொல்லாதவர் இல்லை. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக." அடக்கம் முடிந்து மண்ணின் ஈரம் காயுமுன் இது வேண்டாம். முதல் வாரத்துக்கு 26-ஐ எடுங்கள்: என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுகிறார். பெருமூச்சுதான் அந்த வீட்டில் அப்போது இருக்கிற ஒரே ஜெபம்.

35-ல் பவுல் ஏழு காரியம் அடுக்குகிறார்: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம். எழுதுகிறவர் ஏட்டறிவில் எழுதவில்லை. ஒன்றுகுறைய நாற்பதடி ஐந்து தரம், மிலாறடி மூன்று தரம், கல்லெறி ஒரு தரம், கப்பற்சேதம் மூன்று தரம் என்று 2 கொரிந்தியர் 11-ல் கணக்குக் கொடுத்திருக்கிறார். பட்டயம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் பின்னால் வந்தது என்பது சபையின் பாரம்பரியம்.

36-ஐ வாசிக்காமல் தாண்டுவது நம் பெரிய குறை. "உமது நிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்." இது 44-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. அந்தச் சங்கீதக்காரர் அடுத்த வசனத்திலேயே "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று தேவனைத் தட்டி எழுப்புகிறார். வேதத்தின் மிக உயர்ந்த நிச்சயத்துக்கு இரண்டு வசனம் முன்னால், பவுல் வேண்டுமென்றே அந்தக் குரலை நிறுத்தியிருக்கிறார்.

பிறகு 38, 39. பத்துக் காரியம்: மரணம், ஜீவன், தேவதூதர், அதிகாரங்கள், வல்லமைகள், நிகழ்காரியம், வருங்காரியம், உயர்வு, தாழ்வு, வேறெந்தச் சிருஷ்டி. இவற்றில் எதுவும் நம்மைப் பிரிக்கமாட்டாது. கவனியுங்கள்: நோயாளி தேவனைப் பிடித்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இங்கே இல்லை. கடும் வலிக்கு மார்பின் மருந்து போட்டு நினைவு தப்பியவருக்கு, மறதிநோயில் கர்த்தருடைய ஜெபத்தையே மறந்த பாட்டிக்கு, இது பெரிய விடுதலை. "என்னால ஜெபிக்கவே முடியல, விசுவாசம் போயிட்டு" என்று ஒருவர் அழுதால், வேறெந்தச் சிருஷ்டி என்பதில் அவரும் அடக்கம் என்று காட்டுங்கள். அவருடைய சோர்வும் அவரைப் பிரிக்க முடியாது.

வாசிக்கும் முறை: பத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். கட்டிலில் இருப்பவரின் விரலையே மடக்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபர் 24-ல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951 ஜனவரி 18-ல் டோனாவூரில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். நோயாளிகளுக்கென்று வரும் துண்டுப்பிரசுரங்கள் நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை என்பது அவருக்கு உறுத்தியது. அதனால் நோயாளிக்கு நோயாளியாகவே எழுதினார். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது: சுகமான குரலில் உற்சாகமாக வாசிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மைக் குரல் வார்டுக்கு ஆகாது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலைச் சிலுவையை வீட்டில் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். திருவிருந்து வேண்டும் என்பவர் பெயரைப் புதனுக்குள் ஐயரிடம் சொல்லவும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அப்பத்தில் துணுக்கு போதும். மூக்கில் குழாய் போட்டிருந்தால் நர்ஸைக் கேட்காமல் எதுவும் வாயில் வைக்கக் கூடாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனைக்கு வரமுடியாதவருக்கு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தை மட்டும் போதும்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22-ஆம் சங்கீதத்தின் முதல் அடி. அதோடு 24-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாயெண்ணவில்லை, அருவருக்கவில்லை, தம்முடைய முகத்தை மறைக்கவில்லை.

"அருவருக்காமலும்" என்ற இடம் புண் நாற்றத்தோடு கிடப்பவருக்கும், வயிற்றில் மலம் சேரும் கொலாஸ்டமி பை மாட்டியவருக்கும், படுக்கையிலேயே மலஜலம் போகிறவருக்கும். விளக்கம் வேண்டாம். மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாலே போதும்.

ஏப்ரல் 19, சனி

88-ஆம் சங்கீதம். 18 வசனம், ஓர் இடத்திலும் விடியாது. தோழரெல்லாம் விலகிப்போவதோடு முடியும். ஆனாலும் முதல் அடி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே". ஈஸ்டருக்கு ஒரு நாள் முன்னால் இதைத் தனியாக, வேறு வசனம் ஒட்டாமல் வாசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. புலம்பல் வேறு, சாக வேண்டும் என்ற திட்டம் வேறு. "மாத்திரையைச் சேர்த்து வச்சிருக்கேன்" என்பதுபோல ஏதாவது காதில் விழுந்தால், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். இந்த ஒன்றில் ரகசியம் காக்கக் கூடாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்தது. இந்த வருஷம் ஆள் இழந்த வீடுகளுக்கு யோவான் 11, மரித்த லாசருவை இயேசு எழுப்பிய அதிகாரம். 5, 6-ல் தொடங்குங்கள்: மார்த்தாளிடத்திலும் மரியாளிடத்திலும் லாசருவினிடத்திலும் இயேசு அன்பாயிருந்தார், ஆனாலும் இரண்டு நாள் தாமதித்தார். அன்பும் தாமதமும் அடுத்தடுத்த வசனத்தில் நிற்கின்றன. பிறகு 17 முதல் 37 வரை. மார்த்தாள், மரியாள் இருவரும் ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் மரித்திருக்கமாட்டான். மார்த்தாளுக்குப் பதில் கிடைக்கிறது, மரியாளுக்குக் கண்ணீர் கிடைக்கிறது. எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதவர் அவர். 25-ஆம் வசனம் இடையிலேயே வந்துவிடுவதால் உயிர்த்தெழுதல் விட்டுப்போகாது.

37-ல் நிறுத்துங்கள். அந்த வீட்டில் நான்காம் நாள் யாரும் எழுந்து வரவில்லை. 43, 44-ஐ அவர்களாகக் கேட்கிற நாளில் வாசிக்கலாம்.

நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியவை: இறந்தவர் பிறந்தநாள், கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு யாரும் எட்டிப்பார்ப்பதில்லை என்பதால், அதற்கடுத்த வாரம் ஒரு சந்திப்பு கட்டாயம்.