பினாங்கில் 28 நாள்: தர்மபுரிக்காரர் கணக்கு

பத்து நாளில் மூன்று நாடு என்று ஓடினால் பாதிப் பொழுது விமான நிலையத்திலும் மீதி பெட்டி கட்டுவதிலும் போய்விடும். அதே பணத்தில் ஒரே ஊரில் ஒரு மாதம் உட்காரலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம்ம மாவட்டங்களிலிருந்து முதல் தடவை அப்படிக் கிளம்புபவருக்கு நான் சொல்வது மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். அங்குள்ள லிட்டில் இந்தியா கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் விசா இல்லாமல் 30 நாள் இருக்கலாம். இந்தச் சலுகை இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரை. டிக்கெட்டை 28 நாளுக்குப் போடுங்கள். இறங்கும் நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும், விமானம் ரத்தானால் இரண்டு நாள் கையில் இருக்க வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பணும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்டால் அது வேறு எவனோ நடத்தும் தளம்.

பத்தாவது தேறாத பலரது பாஸ்போர்ட்டில் 'இசிஆர்' (குடியகல்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். குடியகல்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி வேண்டாம். இருந்தும் நம்ம ஊர் விமான நிலையக் கவுன்டரிலேயே கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட ரசீது, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் தாளில் அச்செடுத்து வையுங்கள். போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

எப்போது போவது? மாங்காய் சீசன் முடிந்து ஆகஸ்டில் கை ஓய்ந்ததும் கிளம்பத் தோன்றும். பினாங்கில் அதற்கடுத்த செப்டம்பர், அக்டோபர்தான் மழை கொட்டும் மாதங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. தைப்பூசமும் அதற்குள் வந்துவிடும், 500 படிக்கு மேல் ஏறித் தண்ணீர்மலை முருகனைப் பார்த்துவிடலாம். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே பிடியுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு போய் கோலாலம்பூர் விமானம் ஏறுவதே நமக்குக் கிட்டத்து வழி. ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சாயங்காலம் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேரும் கணக்கோடு நெரிசலுக்கென்று இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். இன்னொரு விமானம் பிடிப்பதைவிட இதுவே நிம்மதி.

அறைதான் செலவில் பெரியது. இணையத்தில் படம் பார்த்து மாசத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள். முதல் மூன்று இரவு சாதாரண ஓட்டலில் தங்கி, நடந்து பார்த்து, அப்புறம் மாத வாடகை பேசுங்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் (மலேசியப் பணம்) சுற்றுலா வரி உண்டு. 28 நாளில் வரும் 27 இரவுக்கு 270 ரிங்கிட். வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், கடைசி நாளில் கேட்டால் சண்டைதான். தீவில் குடியிருப்பு அடுக்குமாடிகளைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. "வாட்ச்மேன் கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த வீடே வேண்டாம்.

பார்க்கும்போது சன்னல் திறக்கிறதா, வாஷிங் மெஷின் இருக்கிறதா, துணி காயவைக்க இடம் எங்கே என்று பாருங்கள். தர்மபுரியில் மதியம் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காயும். அங்கே காற்று முழுக்க ஈரம், மறுநாளும் ஓரம் நமுத்துக் கிடக்கும். தோல் செருப்பும் பெல்ட்டும் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். பருத்தி ஜீன்ஸை வீட்டிலேயே விடுங்கள். பிளக் மூன்று பட்டைக் கால் உள்ளது, நம்ம உருண்டைப் பின் போகாது. அடாப்டர் இரண்டு வேண்டும்.

சாப்பாட்டில் மாசக்கணக்கு நிற்பது வீட்டுச் சமையலால்தான். அரிசி, பருப்பு, புளி எல்லாம் லிட்டில் இந்தியாவில் கிடைக்கும், காய்க்கு சௌராஸ்தா மார்க்கெட். ராகி மாவு மட்டும் தமிழ்க் கடையில் கேளுங்கள். மலாய்க் கடையில் 'ராகி' என்றால் வட்டமாய் வெள்ளை வில்லை ஒன்றை நீட்டுவார்கள். மலாய் மொழியில் அந்தச் சொல் நொதிக்கவைக்கும் ஈஸ்டுக்கு! அதில் களி கிண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாம்பழப் பெட்டியும் கூடாது, பழத்துக்கு இறக்குமதி அனுமதி கேட்பார்கள்.

களிக்கு ஒரு கப் மாவு, இரண்டரை கப் தண்ணீர், கைப்பிடி நொய் என்ற அளவு அங்கேயும் சரிதான். பாத்திரம்தான் சிக்கல். வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பும் மெல்லிய நான்ஸ்டிக் சட்டியும்தான் இருக்கும். துடுப்பு போட்டு அழுத்திக் கிண்டினால் பூச்சு உரிந்துவிடும், கைப்பிடி ஆடிவிடும். அடி தட்டையான, காந்தம் ஒட்டும் சின்ன எவர்சில்வர் குண்டான் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடேறாது. இல்லையென்றால் களியை மறந்துவிட்டு கூழ் காய்ச்சுங்கள், தோசை ஊற்றுங்கள்.

பணம், போன் இரண்டும் கிளம்பும் முன்பே சரி பண்ண வேண்டியவை. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போடாவிட்டால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் சொந்தக் காசே கைக்கு வராது. பலர் சிக்குவது இதில்தான். ஏடிஎம்மில் "ரூபாயில் பிடிக்கவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி ரிங்கிட்டிலேயே எடுங்கள், ரூபாயில் போட்டால் மட்டமான விலை. பேருந்தில் நடத்துநர் கிடையாது, ஓட்டுநர் பாக்கி தரமாட்டார். சில்லறை வைத்திருங்கள். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

அங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல். அஞ்சு மணிக்கு எழுந்து பழகியவருக்கு இரண்டு மணி நேரம் இருட்டில் போகும். முதல் வாரம் எதையும் பார்க்காதீர்கள், ஒரே டீக்கடை, ஒரே காய்கறிக்காரர் என்று பழகுங்கள். பினாங்கு மலை ரயிலை வார நாளில், கிழமை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு வரிசை நீளம்.

சாவி வாங்கும் அன்றே சுவர், மெத்தை, சட்டி அடி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்தில் பிடிப்பது பெரும்பாலும் அந்த நான்ஸ்டிக் சட்டிக்குத்தான்.