கட்டுப் போடும் கை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வரும் ஐசியூ நர்ஸ் நான். நோயாளியிடமிருந்து நமக்கு ஏதாவது தொற்றிவிடுமோ என்ற பயம் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே பழகிப்போய்விடும். நம்மால் இன்னொருவருக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு வந்தது போன வருடம்தான்.

அடுத்தடுத்த கட்டிலில் மூன்று பேருக்கு அறுவைப் புண்ணில் சீழ். சீழில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றிலும் எம்ஆர்எஸ்ஏ. க்ளாக்சசிலின் மாதிரி வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத ஸ்டெஃப் கிருமி அது. வான்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டியதாயிற்று. உடனே எல்லோர் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு ஸ்வாப் எடுத்தார்கள். எல்லோரும் என்றால் நர்ஸ்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும். கட்டிலுக்குக் கட்டில் ஸ்டெத்தோடு போகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவச் சொன்னது டாக்டர்களைத்தான் என்று முதல் வருடத்திலேயே படித்திருக்கிறோம். சரி, அது வேறு கதை.

எனக்கு பாசிட்டிவ்.

காய்ச்சல் இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. சாதாரண ஸ்டெஃப் பத்தில் மூன்று பேர் மூக்கில் சும்மா குடியிருப்பதுதான். எனக்கு வாய்த்தது முரட்டு ரகம். மூபிரோசின் களிம்பு, இரண்டு துளையிலும் காலை மாலை, ஐந்து நாள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல். வைத்தியம் அவ்வளவுதான்.

எங்கே தவறினேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நைட் டியூட்டியில் நான்கு கட்டிலுக்கு ஒருத்தி. கைக்குப் போடும் கிருமிநாசினி ஹேண்ட்ரப்பை இருபது முப்பது விநாடி தேய்க்க வேண்டும்; வென்டிலேட்டர் அலறும்போது யார் எண்ணுவது? புண்ணைத் தொட்ட கிளவுஸோடு மானிட்டர் பட்டனைத் தட்டியிருக்கிறேன். அடுத்து வெறுங்கையோடு வருகிறவளுக்குக் கிருமி அங்கே காத்திருக்கும். அந்த மூன்று பேரிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவர்களுக்குப் போனதா? ஸ்வாப் அதைச் சொல்லாது.

அன்று பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் கிருமாம்பாக்கம் வரை தள்ளாடிக்கொண்டே வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்குக் கீழே ரொம்ப நாளாக ஆறாத புண். தினமும் கட்டுப் பிரித்துப் போடுவது நான். அன்று சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவி, மாஸ்க் கட்டி, கிளவுஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா, இன்னைக்குப் புதுசா உறையெல்லாம்?"

"ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க அத்தை."

"அங்க போட்டுக்கத்தான சொல்வாங்க, நம்ம வீட்ல எதுக்கு?"

பதில் சொல்லாமல் பழைய பஞ்சை எடுத்தேன். புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை. குனிந்து மறுபடி பார்த்தேன். அத்தை காலை இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஸ்வாப் நெகட்டிவ். அத்தையிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. அந்தப் புண்ணில் கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் நான் கேட்கவும் இல்லை. தொற்று அறிகுறி இல்லாத புண்ணுக்குக் கல்ச்சர் தேவையில்லை என்றுதான் படித்திருக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.