பத்து ஆண்டுகள் ஆளில்லாத நாற்காலி

2014 ஜூலையில் எங்கள் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினோம். மன்னார்குடிக்கு அருகில் உள்ள ஓர் அரசுப் பள்ளி அது; நான் சமூக அறிவியல் ஆசிரியை. எதிர்க்கட்சித் தலைவராகப் பேச வேண்டிய ஒன்பதாம் வகுப்பு மாணவி, குடிநீர்த் தொட்டியைப் பற்றி நான்கு கேள்விகளைத் தயாரித்திருந்தாள். முதல் நாள் மாலை செய்தித்தாளோடு என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், டெல்லியிலேயே எதிர்க்கட்சித் தலைவர் இல்லையாமே. அப்படியென்றால் நான் யார்?"

அந்த ஆண்டு நடந்த மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி 31 சதவீத வாக்குகளோடு 282 இடங்களை வென்றிருந்தது. காங்கிரசுக்குக் கிடைத்தவை 44. அவையின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 உறுப்பினர்கள் இருந்தால்தான் அந்தப் பதவி என்பது பழைய வழக்கம். ஆகஸ்டில் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் காங்கிரசின் கோரிக்கையை மறுத்துவிட்டார். 2019-இல் பாஜக 303 இடங்களுக்கு உயர்ந்தது. காங்கிரஸ் 52-இல் நின்றது. நரேந்திர மோடியின் முதல் பத்து ஆண்டு ஆட்சி முழுவதும் மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை.

அவர் வென்றதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டார்கள், வென்றார். என்னை இன்றுவரை உறுத்துவது அந்தப் பத்து சதவீதம்தான். எதிர்க்கட்சித் தலைவர்களின் சம்பளம் பற்றிய 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதிக உறுப்பினர்களைக் கொண்ட எதிர்க்கட்சியின் தலைவர், அவரைச் சபாநாயகர் அங்கீகரிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சதவீதம் எதுவும் அதில் இல்லை. மனம் வைத்திருந்தால் கொடுத்திருக்கலாம்.

காங்கிரசும் இதைத்தான் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1984-இல். ராஜீவ் காந்தியின் கட்சி நானூறு இடங்களைத் தாண்டியது. எதிரணியில் பெரிய கட்சி 30 இடங்கள் பெற்ற தெலுங்கு தேசம். 1980 முதல் 1989 வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அப்போது எனக்கு அது கண்ணில் படவே இல்லை. ஒரு சிறுமி கேட்ட பிறகுதான் பட்டது.

நாற்காலி என்றால் வெறும் மரியாதை இல்லை. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவருக்கு இடம் உண்டு. லோக்பால் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். எதிர்க்கட்சித் தலைவர் இல்லாததும் தாமதத்திற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கேயை அந்தக் குழுவுக்குச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். வாக்குரிமை இல்லாமல் வர முடியாது என்று அவர் மறுத்தார். சரியாகத்தான் செய்தார். 2019-இல் அமைந்த மக்களவையிலோ ஐந்து ஆண்டும் துணை சபாநாயகரே தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதற்கு முந்தைய அவையில் நம் தம்பிதுரை இருந்த பதவி அது.

அந்த மாணவியிடம் அன்று, "நீ பின்வரிசையில் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்து கேள், ஆனால் நான்கையும் கேள்" என்று சொன்னேன். கேட்டாள். தொட்டி அந்த ஆண்டே கழுவப்பட்டது.

2024 ஜூனில் பாஜக 240 இடங்களோடு, கூட்டணியின் தோளில் ஆட்சி அமைத்தது. 99 இடங்கள் பெற்ற காங்கிரசின் ராகுல் காந்தி எதிர்க்கட்சித் தலைவரானார். அன்று இரவு அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது, இப்போது வழக்கறிஞர். "நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு டீச்சர்" என்று சிரித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு அவளே தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவைப் பற்றிப் பேசினாள். தலைமை நீதிபதியும் அதில் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் வந்த சட்டம் அவர் இடத்தில் பிரதமர் நியமிக்கும் ஓர் அமைச்சரை வைத்தது. பிரதமர், அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர்: மூன்று பேர்.

"இரண்டுக்கு ஒன்று, டீச்சர். அங்கே உட்கார்ந்து அவர் என்ன செய்ய முடியும்?"

மறுப்பை எழுதிவைக்கலாம் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.