புது நாட்டு ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு: அட்டையைக் கொண்டுவாருங்கள், ஆர்பிஎம்மை விட்டுவாருங்கள்

தொற்றுநோய், தடுப்பூசி ஆய்வுக்கென்று வெளிநாடு வருபவர்கள் முதல் வாரமே பைப்பெட் பிடிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறுகிறார்கள். மனித ரத்தத்தைக் கையாளும் ஆய்வகம் என்றால் முதலில் ஊசி ஏறுவது உங்கள் கையில்தான்.

பணியாளர் நலப் பிரிவில் கட்டாயம் வரும் கேள்வி, ரத்தத்தால் பரவும் கல்லீரல் தொற்றான ஹெப்படைட்டிஸ் பி. "சின்ன வயதிலேயே மூன்று ஊசியும் போட்டாகிவிட்டது" என்று வாயால் சொன்னால் செல்லாது. தடுப்பூசி அட்டை வேண்டும். பெரும்பாலும் ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) அளவும் வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச யூனிட்டுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். குறைந்திருந்தால் பதற வேண்டாம். கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியின் ஆன்டிபாடி இருபது வருடத்தில் இறங்கிவிடுவது சகஜம், அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் உள்ளே இருக்கும். ஒரே ஒரு டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து அளந்தால் பெரும்பாலானோருக்கு அளவு ஏறியிருக்கும். ஏறாவிட்டால் மீதி டோஸ்களையும் முடித்து மறுபடி அளப்பார்கள். அட்டையே இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் நீளும் கணக்கு இது. கிளம்புவதற்கு முன்பே முதல் இரண்டு டோஸை முடித்து, தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய சான்றோடு வருவது புத்திசாலித்தனம்.

அடுத்தது காசநோய்ச் சோதனை. பிறந்தவுடன் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டுக்கொண்டவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். முன்கைத் தோலுக்குள் 0.1 மில்லி டியூபர்குலின் (காசநோய்க் கிருமியின் புரதச் சாறு) ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பின் குறுக்களவை அளக்கும் பழைய சோதனை, பிசிஜியையும் காசநோய்க் கிருமியையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. ரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரான் காமா சோதனையை (காசநோய்க் கிருமியின் புரதங்களுக்கு ரத்த செல்கள் காட்டும் எதிர்வினையை அளப்பது) கேளுங்கள். அதில் பயன்படும் இசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களும் பிசிஜி கிருமியில் இல்லை. அதனால் பழைய பிசிஜி ஊசி முடிவைக் குழப்பாது. தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசியும் போட வேண்டியிருந்தால் ரத்தத்தை முன்னதாகவோ அதே நாளிலோ கொடுத்துவிடுங்கள். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். பாசிட்டிவ் என்று வந்தாலும் நோய் என்று பொருள் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து, கிருமி உறங்கிக் கிடக்கிறதா, நோயாகவே கிளம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு.

பணியாளர் நலப் பிரிவின் தொலைபேசி எண்ணை அன்றே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே அழைக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; சில மணி நேரத்திலேயே தொடங்குவதுதான் நல்லது. வேலை போய்விடுமோ, விசாவில் சிக்கல் வருமோ என்று பயந்து, புதிதாக வந்தவர்கள் இதை மறைத்துவிடக்கூடும். தயவுசெய்து மறைக்காதீர்கள். போன மணி நேரம் திரும்பி வராது.

இனி மேசை வேலை. பழைய நோட்டுப் புத்தகத்தில், நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்ற கணக்கில் "1500 ஆர்பிஎம், 30 நிமிடம்" என்று இருக்கும். அப்படியே புது ஆய்வகத்தின் சென்ட்ரிஃப்யூஜில் (குழாயைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) போட்டால் ரத்தத்தின் அடுக்குகள் சரியாகப் பிரியாமல் போகலாம். காரணம் ரோட்டாரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதியின்) ஆரம். ஜி மதிப்புக்கு (புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை என்பது) 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம்மின் வர்க்கம் என்பது கணக்கு. 16 செ.மீ. ஆரத்தில் 1500 ஆர்பிஎம் ஏறக்குறைய 402 ஜி, 10 செ.மீ. ஆரத்தில் அதே 1500 வெறும் 252 ஜி. சிவப்பணுக்கள் முழுதாக இறங்காமல் வெள்ளணு அடுக்கில் கலந்து நிற்கும். அந்தச் சின்ன இயந்திரத்தில் 400 ஜி வேண்டுமானால் 1890 ஆர்பிஎம் வரை ஏற்ற வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லா நெறிமுறைகளையும் ஜி-யில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

ரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட்டுகளை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) பிரிக்கும்போது மற்றவை இவை: ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கலந்து, 50 மில்லி குழாயில் 15 மில்லி ஃபைக்கால் (அடர்த்தியைக் கொண்டு செல்களைப் பிரிக்கும் திரவம்) மேல் சுவரோரமாக மெதுவாக வழியவிட வேண்டும். 400 ஜி, 30 நிமிடம், 20 டிகிரி, பிரேக் பூஜ்யத்தில். பிரேக்கை ஒவ்வொரு முறையும் நீங்களே பார்த்தாக வேண்டும். முன்னால் ஓட்டியவர் முழு பிரேக்கில் விட்டுப் போயிருந்தால், நின்றுபோகும் கடைசி நொடிகளில் அடுக்கு கலங்கிவிடும். ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவும் விடாதீர்கள். பழைய ரத்தத்தில் கிரானுலோசைட்டுகளின் (இன்னொரு வகை வெள்ளணுக்களின்) அடர்த்தி குறைந்து அவை லிம்ஃபோசைட் அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. பிறகு டி செல்களின் (லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகை) எதிர்வினையையும் மட்டுப்படுத்துகின்றன. தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று தோன்றும் முடிவுக்குப் பின்னால் சில சமயம் இதுதான் இருக்கும்.

பிரித்த செல்களை உறையவைக்க 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்களைக் காக்கும் திரவம்), மில்லிக்கு ஒரு கோடி செல். டிஎம்எஸ்ஓ அறை வெப்பத்தில் செல்களைக் கொல்லும் என்பதால் கரைசல் சில்லென்று இருக்க வேண்டும், கை வேகமாக ஓட வேண்டும். ஐசோபுரோப்பனால் டப்பாவில் வைத்து மைனஸ் 80-க்கு அனுப்பினால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும். ஐந்து முறைக்கு ஒருதரம் அந்தத் திரவத்தை மாற்ற வேண்டும். பொதுவில் கிடக்கும் டப்பா எத்தனை முறை ஓடியது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் மாற்றிய தேதியை மூடியில் எழுதிவையுங்கள். மறுநாளே திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக எலைசா, அதாவது சீரத்தில் உள்ள ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை. பழைய ஆய்வகத்தில் 1.2 என்று வந்த ஓடி மதிப்பு (நிறத்தின் அடர்வைச் சொல்லும் எண்) இங்கே 0.8 ஆக வந்தால் சீரம் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். தட்டில் பூசிய ஆன்டிஜென் (ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும் கிருமிப் புரதம்), கான்ஜுகேட் (நிறத்தை உண்டாக்கும் நொதி இணைத்த ஆன்டிபாடி), நிறம் ஏற விட்ட நிமிடங்கள் எல்லாமே வேறு. இந்தச் சிக்கலுக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் சர்வதேசத் தரச் சீரங்களை நிர்ணயிக்கிறது. கொரோனா ஆன்டிபாடிக்கான முதல் தரச் சீரம் 2020 டிசம்பரில் ஏற்கப்பட்டது. ஒரு ஆம்பூலில் 250 யூனிட், 0.25 மில்லியில் கரைத்தால் மில்லிக்கு 1000. அது விலைமதிப்பற்ற பொருள், தினமும் ஓட்ட முடியாது. எனவே ஆய்வகத்தின் சொந்தக் கன்ட்ரோல் (ஒப்பீட்டுக்கான) சீரத்தை அதோடு ஒப்பிட்டு யூனிட் கணக்கிட்டு, சின்னச் சின்னப் பங்குகளாக உறையவைத்து, ஒவ்வொரு தட்டிலும் அதை ஓட்டுவார்கள். முறையான அனுமதியோடு பழைய ஆய்வகத்தின் கன்ட்ரோல் கொஞ்சம் வந்துசேர்ந்தால், புதியதையும் அதையும் ஒரே தட்டில் மூன்று வெவ்வேறு நாட்களில் ஓட்டிப் பாருங்கள். படிப்படியாக நீர்த்து அளந்து வரையும் இரண்டு வளைவும் இணையாக ஓடினால்தான் பழைய எண்களைப் புது யூனிட்டுக்கு மாற்றலாம். குறுக்கே வெட்டிக்கொண்டால் அந்தத் தரவைத் தனியாகவே வையுங்கள்.