வேலூர்க் கோட்டையில் தூண்களோடு ஒரு காலை

எங்கள் ஊரில் சமுதாயக் கூடம் கட்டியபோது, பூச்சு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ஓவியர் ஒருவரை அழைத்து, ‘இந்தச் சுவரில் ஏதாவது வரைந்து கொடுங்கள்’ என்று கேட்டோம். கட்டும்போதே கலையையும் சேர்த்து நினைக்கவில்லையே என்ற உறுத்தல் மனத்தில் இருந்ததாலோ என்னவோ, சென்ற மார்கழியில் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போனபோது, சன்னதிக்குச் செல்லாமல் கல்யாண மண்டபத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன்.

விஜயநகர ஆட்சிக்காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த மண்டபம் அது. முன்வரிசைத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் வீரர்களைச் சுமந்தபடி முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. குளம்புகளுக்கு அடியில் காலாட்கள் கேடயம் ஏந்தி நிற்கிறார்கள். முதற்பார்வைக்கு அது போர்க்களக் காட்சிதான். அருகில் சென்று பார்த்தால், குதிரையும் வீரனும் பின்னால் நிற்கும் தூணும் ஒரே கருங்கல் என்பதும், அந்தரத்தில் நீளும் கால்கள் முறியாமல் கீழிருந்து தாங்குவது அந்தக் கேடயமே என்பதும் புலப்படுகின்றன. எவ்வளவு கல்லைக் குடைந்தெடுக்கலாம், தூணின் தலைப்பகுதியான போதிகையும் அதன்மேல் கிடக்கும் உத்தரமும் இறக்கும் பாரத்துக்காக எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்கை உளி பிடித்த கை அறிந்திருக்கிறது.

உடன் வந்திருந்த வயதான சிற்பி ஒரு குதிரையின் கழுத்தடியைக் காட்டி, “சிலை உடைஞ்சா வேற கல்லு எடுத்துக்கலாம் தம்பி, இது உடைஞ்சா தூணே போச்சு” என்றார்.

நடு விதானத்தில் விரிந்த தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. விதானத்தில் எந்த உருவத்தைச் செதுக்கினாலும் அண்ணாந்து பார்ப்பவருக்கு அது இடம் மாறி ஒட்டியதுபோல் தோன்றக்கூடும். கிளியோ கிளையில் தலைகீழாகத் தொங்கியும் கனியைக் கொத்தும் பறவை. கூரையின் இயல்பை அறிந்து அதற்கேற்ற உயிரைத் தேர்ந்த அந்த மனத்தை எண்ணி எண்ணி வியந்தேன்.

பிற்பகலில் விரிஞ்சிபுரம் சென்றோம். மதிலழகுக்குப் பேர்பெற்ற அவ்வூர்க் கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நேரங்காட்டும் கல் இருக்கிறது. அதன் பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடத்தைக் கொண்டு பொழுதை அறியலாம்.

திரும்பும் பேருந்தில், ஊரில் நாங்கள் கட்டவிருக்கும் நூலகத்தைப் பற்றிச் சிற்பியிடம் சொல்லி, அஸ்திவாரம் தோண்டுமுன்பே ஐயா ஒருமுறை வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தவர், “மனையில சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டார்.