பாட்டியின் செம்பு

தைப்பூசத்துக்கு முந்தைய இரவே மகனோடு பத்துமலைக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பது வயது, முதல் பால்குடம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு நடக்க ஆசைதான். பையன் கால் தாங்காது என்று கொமூட்டர் ரயிலில் போனோம்.

குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, பாட்டியின் பித்தளைச் செம்பில் பால் ஊற்றி, வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினேன். விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாய்க் குத்திய இரண்டு எழுத்து: மு.க. சம்பள நாளில் ரப்பர் தோட்டத்துக்கு வரும் பாத்திரக்காரர், விற்ற கையோடு குத்திக் கொடுத்தது என்று பாட்டி சொல்வார். ஒரே மாதிரிச் செம்பு பத்து வீட்டில் இருந்தால் வேறு எப்படி அடையாளம் தெரியும்?

பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை குகைக்குள் முருகனின் வேலை நட்டது 1891-இல். அடுத்த வருடமே தைப்பூசம் தொடங்கிவிட்டது. என் தாத்தா ஏறியது 1940-இல் கட்டிய 272 சிமெண்டுப் படிகளில். 2018-இல் அவற்றுக்கு வானவில் மாதிரி வண்ணம் பூசியபோது எனக்குக் கோபமே வந்தது. இப்போது கூட்டத்தில் முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர எதுவும் தெரியவில்லை. படி என்ன நிறமாய் இருந்தால் என்ன! பாதியில் பையன் தடுமாற, கொஞ்சம் பால் சிந்தியது. பின்னால் வந்த காவடிக்காரரின் ஆட்கள் "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டே அவன் முதுகைத் தாங்கிக்கொண்டார்கள்.

அபிஷேகத்துக்குப் பாலைக் கொடுத்துவிட்டு இறங்கியபோது விடிந்திருந்தது. எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் வருடா வருடம் போடும் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனோம். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி, தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருந்த லயங்களை இடித்து, வீடமைப்புப் பகுதி ஆக்கிவிட்டார்கள். ஆட்கள் கிள்ளான், ரவாங், செரம்பான் என்று சிதறிப் போனார்கள். இந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே.

நான் பட்டணத்தில் வளர்ந்தவன். பந்தலில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவலாம் என்றிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மகன் கையிலிருந்த காலிச் செம்பை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் அந்தப் புள்ளிகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"மூணாவது லயம், கிணத்தோரத்து வீடு," என்றார். "உன் பாட்டி இதுலதான்டா எனக்குப் பிரசவத்தப்ப கஞ்சி கொண்டாந்தா."

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் அதற்குள், "சும்மா நிக்காதீங்கப்பா, வரிசை நீளுது," என்று பையன் கையில் கரண்டியைத் திணித்துவிட்டார்.

யாரோ ஒருவர் மோர் வாங்கிக்கொண்டே, "இது யாரு பையன்?" என்று கேட்டார்.

"நம்ம மூணாவது லயத்துப் பையன்," என்றார் பாட்டி.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "லயம்னா என்னப்பா?"

"மோர் ஊத்து, சொல்றேன்."