தத்துப் பிள்ளைகளும் அசல் பிறப்புச் சான்றிதழும்: இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ தத்துக் கொடுக்கப்பட்டவர் 18 வயது நிரம்பியதும் தன் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்தபோது பதிந்த பெயர் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள். தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. தத்து கொடுத்ததும் பழைய பதிவை அழித்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அழிப்பதில்லை, ஓரத்தில் 'தத்தெடுக்கப்பட்டது' என்று குறிப்பு எழுதுவார்கள், அவ்வளவுதான். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரையும் போலப் பணம் கட்டி நகல் வாங்கலாம். முழுச் சான்றிதழாகவே கேளுங்கள். சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது.

தேடும்போது காலாண்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதிவான பிறப்புகளைப் பெயர் வாரியாகப் பட்டியலிடும் அட்டவணைகளில், 1983 வரையிலானவை காலாண்டு வாரியானவை. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால், மார்ச் கடைசியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் (ஏப்ரல் முதல் ஜூன் வரை) இருக்கலாம். அடுத்த காலாண்டையும் பார்க்காமல் 'பதிவே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

பெயர் தெரியாதவர்கள் அதே அலுவலகத்துக்குத் தனிப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1975 நவம்பர் 12-க்கு முன் தத்தானவர்கள் ஆலோசகர் ஒருவரைச் சந்தித்த பிறகே விவரம் பெற முடியும். பிள்ளைக்கு ஒருநாளும் தெரியவராது என்று நம்பிக் கையெழுத்திட்ட தாய்மார்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அதற்காக வைத்த நிபந்தனை இது. வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும், புரிகிறது. ஆனால் தத்து ஆணை பிறப்பித்த நீதிமன்றம் எது, ஏற்பாடு செய்த நிறுவனம் எது என்று அறியும் வழியும் அங்கேதான் திறக்கிறது. 2005 டிசம்பர் 30 முதல் தத்தானவர்கள் அந்தத் தத்து நிறுவனம் வழியாகவே கேட்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் 'தகவல் தந்தவர்' கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே தாயின் கையெழுத்து விவரமும் முகவரியும் இருக்கும். அது திருமணமாகாத தாய்மார்களுக்கான இல்லத்தின் முகவரியாகவும் இருக்கலாம். சொந்த வீடென்று நம்பி அந்தத் தெருவிலேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். தந்தை கட்டம் காலியாக இருந்தால் மனம் உடைய வேண்டாம். திருமணமாகாத பெற்றோர் என்றால், பொதுவாக இருவரும் சேர்ந்து போய்ப் பதிந்தால்தான் அவர் பெயர் ஏறும். தாய்க்கு அவரைத் தெரியாது என்று அதற்கு அர்த்தமில்லை. சான்றிதழில் விடுபட்ட அந்தப் பெயர் தத்து நிறுவனக் கோப்பில் இருக்கக்கூடும். அடுத்து அதைக் கேளுங்கள்.